சிறு வணிகர்கள் ஜிஎஸ்டி பதிவு பெற வேண்டியது எப்போது? 40 லட்சம், 20 லட்சம் வரம்புகள் யாருக்குப் பொருந்தும்? - முழு விளக்கம்

புதுடெல்லி: ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை சரக்கு மற்றும் சேவை வரி (ஜிஎஸ்டி) பதிவு தேவையில்லை என்பதே சிறு வணிகர்களிடையே பரவலாக உள்ள கருத்து. ஆனால் அந்த வரம்பு எல்லோருக்கும் பொருந்துவதில்லை. தேநீர்க் கடைக்காரருக்கும் சலவைக் கடைக்காரருக்கும் அது 20 லட்சம் மட்டுமே. வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்புபவருக்குப் பெரும்பாலும் வரம்பே கிடையாது. காய்கறி மட்டும் விற்பவரோ எவ்வளவு விற்றாலும் பதிவு பெறத் தேவையில்லை.

இந்த வேறுபாடுகளை அறியாததன் விளைவு 2025 ஜூலை மாதம் கர்நாடகத்தில் வெளிப்படையாகத் தெரிந்தது. யுபிஐ செயலிகள் வழியாகப் பெறப்பட்ட தொகைகளின் அடிப்படையில், அம்மாநில வணிகவரித் துறை ஆயிரக்கணக்கான சிறு வணிகர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பேக்கரிகள், தேநீர்க் கடைகள், காய்கறிக் கடைகள் ஆகியவையும் அதில் அடங்கின. பெங்களூருவில் பல கடைகளில் யுபிஐ குறியீட்டு அட்டைகள் அகற்றப்பட்டு, 'ரொக்கம் மட்டும்' என்ற அறிவிப்புகள் தொங்கவிடப்பட்டன. வணிகர் சங்கங்கள் போராட்டம் அறிவித்ததைத் தொடர்ந்து, முதலமைச்சர் சித்தராமையா அவர்களுடன் பேச்சுவார்த்தை நடத்தினார். பழைய நிலுவை வசூலிக்கப்படாது என்றும், பதிவு பெற வேண்டியவர்கள் பதிவு பெற வேண்டும் என்றும் அரசு தரப்பில் தெரிவிக்கப்பட்டது.

அந்தப் பிரச்சினை தணிந்தாலும், சட்டத்தின் விதி மாறவில்லை. நாடு முழுவதும் உள்ள சிறு வணிகர்கள் அறிந்திருக்க வேண்டிய முக்கிய அம்சங்கள் வருமாறு:

வாட் முதல் ஜிஎஸ்டி வரை

2017 ஜூலை 1-ஆம் தேதிக்கு முன்பு, பொருள் விற்பனைக்கு மாநில அரசுகளின் மதிப்புக்கூட்டு வரி (வாட்), சேவைகளுக்கு மத்திய அரசின் சேவை வரி, உற்பத்திக்குக் கலால் வரி எனத் தனித்தனி வரிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு விலக்கு வரம்புகள் இருந்தன. வாட் வரிக்கான வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டது. சேவை வரிக்கான வரம்பு 10 லட்சம் ரூபாய்.

இந்த வரிகளில் பெரும்பாலானவை ஜிஎஸ்டியில் இணைக்கப்பட்டன. பெட்ரோல், டீசல், மதுபானம் உள்ளிட்ட சிலவற்றுக்கு மாநிலங்களின் வரி முறை இன்றும் தொடர்கிறது.

ஜிஎஸ்டி அறிமுகமானபோது, பொருள் விற்பனைக்கும் சேவைக்கும் பொதுவாக 20 லட்சம் ரூபாய் என வரம்பு நிர்ணயிக்கப்பட்டது. பொருள்களை மட்டுமே விற்பவர்களுக்கான வரம்பு 2019 ஏப்ரல் 1 முதல் 40 லட்சமாக உயர்த்தப்பட்டது. சேவைகளுக்கான வரம்பு 20 லட்சமாகவே நீடிக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் வரி விகிதங்கள் மாற்றியமைக்கப்பட்டபோதும் இந்தப் பதிவு வரம்புகள் மாற்றப்படவில்லை.

மாநில வாரியாக வரம்பு எவ்வளவு?

பொருள்களை மட்டும் விற்பவர்களுக்கு தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், மகாராஷ்டிரம், டெல்லி உள்ளிட்ட பெரும்பாலான மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் வரம்பு 40 லட்சம் ரூபாய்.

தெலங்கானா, புதுச்சேரி, உத்தராகண்ட், சிக்கிம், மேகாலயா, அருணாசலப் பிரதேசம் ஆகியவற்றில் பொருள் விற்பனைக்கும் 20 லட்சம் ரூபாயே வரம்பு.

மணிப்பூர், மிசோரம், நாகாலாந்து, திரிபுரா ஆகிய நான்கு மாநிலங்களில் பொருள், சேவை இரண்டுக்குமே 10 லட்சம் ரூபாய். இந்த நான்கைத் தவிர்த்து நாட்டின் பிற பகுதிகள் அனைத்திலும் சேவைகளுக்கான வரம்பு 20 லட்சம் ரூபாய்.

ஐஸ்கிரீம், பான் மசாலா, புகையிலைப் பொருள்கள் ஆகியவற்றை விற்பவர்களுக்கு 40 லட்சம் என்ற உயர்வரம்பு பொருந்தாது. அவர்களுக்குப் பழைய வரம்பே நீடிக்கிறது. சாம்பல் செங்கல், களிமண் செங்கல் உள்ளிட்ட சிலவும் இந்தப் பட்டியலில் உள்ளன.

கணக்கிடப்படுவது லாபம் அல்ல, விற்பனை

வரம்பைக் கணக்கிடும்போது லாபம் கருத்தில் கொள்ளப்படாது. ஒரு நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை, செய்த விற்பனையின் மொத்த மதிப்பே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். சட்டம் இதனை 'மொத்த விற்றுமுதல்' என்று குறிப்பிடுகிறது. நாளொன்றுக்குச் சராசரியாக 11 ஆயிரம் ரூபாய்க்கு விற்பனை நடைபெறும் ஒரு மின்சாதனக் கடை, ஆண்டுக்கு 40 லட்சத்தைத் தாண்டிவிடும். அதில் உரிமையாளருக்குக் கிடைக்கும் லாபம் 3 லட்சமாக இருந்தாலும் பதிவு கட்டாயமாகும்.

மொத்த விற்றுமுதலில் வரி விதிக்கப்படும் பொருள்களின் விற்பனை, வரிவிலக்குப் பெற்ற பொருள்களின் விற்பனை, ஏற்றுமதி, வெளிமாநில விற்பனை ஆகிய அனைத்தும் சேரும். வாடிக்கையாளரிடம் வசூலித்த ஜிஎஸ்டி தொகை மட்டும் சேராது.

மேலும், இந்தக் கணக்கு கடை வாரியாக அல்ல, நிரந்தரக் கணக்கு எண் (பான்) வாரியாக, நாடு முழுவதற்குமாகச் செய்யப்படுகிறது. ஒரே பான் எண்ணில் நாக்பூரில் 25 லட்சத்துக்கும் போபாலில் 18 லட்சத்துக்கும் பொருள் விற்பனை செய்பவரின் மொத்த விற்றுமுதல் 43 லட்சம். தனித்தனியே பார்த்தால் இரு கடைகளும் வரம்புக்குள் இருந்தாலும், மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் ஆகிய இரு மாநிலங்களிலும் அவர் பதிவு பெற்றாக வேண்டும்.

வரிவிலக்குப் பொருள்கள்: எங்கே விலக்கு, எங்கே சிக்கல்?

முழுவதும் வரிவிலக்குப் பெற்ற பொருள்களை மட்டுமே விற்பவர்களுக்கு, விற்பனை எவ்வளவாக இருந்தாலும் பதிவு தேவையில்லை. பச்சைக் காய்கறிகள், பழங்கள், பால், முட்டை, பொட்டலமிடாத அரிசி, அச்சிட்ட புத்தகங்கள் போன்றவை இதில் அடங்கும். தமது நிலத்தில் பயிரிட்ட விளைபொருளை விற்கும் விவசாயிக்கும் பதிவு தேவையில்லை.

ஆனால் வரி விதிக்கப்படும் பொருள் சிறிதளவு சேர்ந்தாலும் நிலைமை மாறிவிடும். ஓராண்டில் 36 லட்சம் ரூபாய்க்குக் காய்கறியும், 5 லட்சம் ரூபாய்க்குக் குளிர்பானமும் பிஸ்கட்டும் விற்கும் ஒரு கடையின் மொத்த விற்றுமுதல் 41 லட்சம். 'வரிவிலக்குப் பொருள் மட்டும்' என்ற நிபந்தனையை அது நிறைவு செய்யவில்லை. எனவே பதிவு கட்டாயம். அதே வேளையில் வரி செலுத்த வேண்டியது 41 லட்சத்துக்கு அல்ல. காய்கறிக்கு வரி இல்லை என்பதில் மாற்றமில்லை.

மளிகைக் கடைகளில் இந்தச் சிக்கல் எளிதில் கண்ணில் படுவதில்லை. மூட்டையில் இருந்து அளந்து விற்கப்படும் அரிசிக்கு வரி இல்லை. அதே அரிசி முத்திரை விவரங்களுடன் 25 கிலோ அல்லது அதற்குக் குறைவான பையில் அடைக்கப்பட்டிருந்தால் 5 சதவீத வரி உண்டு. 2022 ஜூலை 18 முதல் இந்த நடைமுறை அமலில் உள்ளது.

பெட்ரோல் விற்பனை நிலையங்களுக்கும் இதே விதி பொருந்தும். பெட்ரோல், டீசல் ஆகியவை ஜிஎஸ்டி வரம்புக்குள் வராதவை. எனினும் அவற்றின் விற்பனை மதிப்பு மொத்த விற்றுமுதலில் சேரும். ஆகவே சிறிதளவு மசகு எண்ணெய் விற்றால்கூட அந்த நிலையம் ஜிஎஸ்டி பதிவு பெற வேண்டியுள்ளது.

பொருளா, சேவையா?

கடையில் விற்பதெல்லாம் பொருள் என்று சட்டம் கருதுவதில்லை. உணவகம், தேநீர்க் கடை, சிற்றுண்டி நிலையம் ஆகியவற்றில் உணவு பரிமாறுவது சேவையாகவே கருதப்படுகிறது. எனவே அவற்றுக்கான வரம்பு 20 லட்சம். அதாவது, நாளொன்றுக்குச் சுமார் 5,500 ரூபாய்க்கு வியாபாரம் நடக்கும் உணவகமே அந்த வரம்பை எட்டிவிடும்.

உணவு விநியோகச் செயலிகள் வழியாகப் பெறப்படும் ஆர்டர்களுக்கு, 2022 ஜனவரி 1 முதல் அந்தச் செயலி நிறுவனமே வரியைச் செலுத்துகிறது. இருப்பினும் அந்த விற்பனையும் உணவகத்தின் மொத்த விற்றுமுதலில் சேர்க்கப்படும்.

பொருளும் சேவையும் கலந்து வழங்குபவர்களுக்கும் 40 லட்சம் வரம்பு கிடையாது. சட்டத்தில் உள்ள 'பொருள் மட்டுமே' என்ற சொல்லே இதற்குக் காரணம். எடுத்துக்காட்டாக, செல்போன் உதிரிபாகங்களை விற்பதுடன் பழுதுபார்த்தும் கொடுக்கும் கடைக்கு வரம்பு 20 லட்சம். துணிக்கடையில் 30 லட்சத்துக்கு விற்பனை செய்யும் ஒருவர், தமக்குச் சொந்தமான வேறொரு கடையை ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வாடகைக்கு விட்டிருந்தால், அந்த வணிக வாடகையும் சேவையே. இதனால் அவருக்குரிய வரம்பு 20 லட்சமாகக் குறைந்து, அவர் பதிவு பெற வேண்டியவர் ஆகிறார்.

வைப்புத்தொகை, கடன் ஆகியவற்றின் மூலம் வரும் வட்டிக்கு இந்த விதியில் இருந்து விலக்கு உண்டு. வங்கி வட்டி பெறுவதால் மட்டும் ஒருவர் 40 லட்சம் வரம்பை இழக்க மாட்டார்.

வரம்பே இல்லாதவர்கள் யார்?

சிலருக்கு விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு கட்டாயம். வரி விதிக்கப்படும் பொருளை வெளிமாநிலத்துக்கு விற்பவர்கள் இவர்களில் முதன்மையானவர்கள். நாக்பூரில் வீட்டில் நொறுக்குத்தீனி தயாரிக்கும் ஒருவர், ராய்ப்பூரில் உள்ள வாடிக்கையாளருக்கு விற்று அனுப்பும் ஒரே ஒரு பார்சலும் வெளிமாநில விற்பனையே. சமூக வலைதளங்கள் வழியாக வணிகம் செய்யும் வீட்டுத் தொழில்முனைவோர் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்.

இதற்கும் சில விலக்குகள் உள்ளன. வெளிமாநிலத்துக்குச் சேவை வழங்குபவர்களுக்கு வழக்கமான 20 லட்சம் வரம்பு பொருந்தும். அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருள்களைத் தயாரித்து விற்கும் கைவினைஞர்களுக்கும் நிபந்தனைகளுடன் விலக்கு அளிக்கப்பட்டுள்ளது.

மின்வணிகத் தளங்களில் பொருள் விற்பவர்களுக்கு முன்பு பதிவு கட்டாயமாக இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல் இது தளர்த்தப்பட்டுள்ளது. வரம்புக்குள் விற்பனை செய்பவர்கள், ஜிஎஸ்டி இணையதளத்தில் பான் விவரத்தை அளித்து ஒரு சேர்க்கை எண்ணைப் பெற்று, ஒரே மாநிலத்துக்குள் மட்டும் அத்தளங்கள் வழியாக விற்கலாம். வெளிமாநில விற்பனை கூடாது.

நிலையான கடை இல்லாத வேறொரு மாநிலத்தில் கண்காட்சி அல்லது திருவிழாக் காலத்தில் கடை அமைப்பவர்கள், தற்காலிக வணிகராகப் பதிவு பெற வேண்டும். விற்பனை தொடங்குவதற்குக் குறைந்தது 5 நாள்களுக்கு முன்பே விண்ணப்பித்து, உத்தேச வரியை முன்கூட்டியே செலுத்த வேண்டும்.

30 நாள் கெடுவும் தாமதத்தின் விலையும்

வரம்பைத் தாண்டிய நாளில் இருந்து 30 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். நிதியாண்டு முடியும்வரை காத்திருந்து, கணக்கு முடித்தபின் பதிவு பெறலாம் என்று எண்ணுவது பெரும் இழப்புக்கு வழிவகுக்கும்.

வரம்பைத் தாண்டும்வரை செய்த விற்பனைக்கு வரி இல்லை. வரம்பைத் தாண்டியதற்குப் பிந்தைய விற்பனைக்கே வரிப் பொறுப்பு தொடங்குகிறது. உரிய காலத்தில் விண்ணப்பித்தால், பொறுப்பு தொடங்கிய நாளில் இருந்தே பதிவு செல்லுபடியாகும். தாமதித்தால், பதிவு வழங்கப்படும் நாளில் இருந்துதான் செல்லுபடியாகும். இடைப்பட்ட காலத்துக்கான வரியை வணிகரே செலுத்த நேரிடும்.

ஓர் எடுத்துக்காட்டு: 18 சதவீத வரி உள்ள மின்சாதனங்களை விற்கும் கடை ஜனவரி 10-ஆம் தேதி 40 லட்சத்தைத் தாண்டுகிறது. பதிவு பெறாமல் மார்ச் 31 வரை மேலும் 12 லட்சம் ரூபாய்க்கு விற்கிறது. அந்த விற்பனைக்கான வரி 2.16 லட்சம் ரூபாய். விற்ற விலைக்குள்ளேயே வரி அடங்கியிருப்பதாகக் கணக்கிட்டாலும் சுமார் 1.83 லட்சம் ரூபாய். வாடிக்கையாளர்களிடம் இனி அதை வசூலிக்க இயலாது. இத்துடன் ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் சேரும். பதிவு பெறத் தவறியதற்கு 10 ஆயிரம் ரூபாய் அல்லது ஏய்க்கப்பட்ட வரிக்கு இணையான தொகை, இவற்றில் எது அதிகமோ அதனை அபராதமாக விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

மற்றோர் இழப்பும் உண்டு. பதிவு பெறும்போது கடையில் 5 லட்சம் ரூபாய் மதிப்புள்ள சரக்கு இருப்பில் இருப்பதாகவும், அதனை வாங்கியபோது 90 ஆயிரம் ரூபாய் ஜிஎஸ்டி செலுத்தியதாகவும் கொள்வோம். 30 நாள்களுக்குள் விண்ணப்பித்தவர், அந்தத் தொகையை உள்ளீட்டு வரி வரவாகக் கோரி, தாம் செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். கொள்முதல் ரசீதுகள் ஓராண்டுக்கு உட்பட்டவையாக இருக்க வேண்டும். கெடுவைத் தவறவிட்டவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

யுபிஐ-யைத் தவிர்த்தால் தப்பிக்கலாமா?

பணம் எந்த வழியில் வந்தது என்பது பதிவு வரம்பைத் தீர்மானிப்பதில்லை. ரொக்கம், அட்டை, யுபிஐ என எவ்வழியில் பெற்றாலும் விற்பனை விற்பனையே. யுபிஐ பரிவர்த்தனை வரித் துறைக்கு ஒரு தகவல் மட்டுமே. அதனை நிறுத்துவதால் வரிப் பொறுப்பு நீங்காது.

அதேபோல், வங்கிக் கணக்கில் வந்த தொகை முழுவதும் விற்பனையாகிவிடாது. உறவினர் அனுப்பிய பணம், கைமாற்றாகப் பெற்ற தொகை, கொடுத்த கடன் திரும்பி வந்தது ஆகியவை விற்றுமுதலில் சேராதவை. ஆனால் இவை விற்பனை அல்ல என்பதை நிரூபிக்கும் பொறுப்பு நடைமுறையில் வணிகரிடமே வந்து சேர்கிறது. எனவே கடைக்கெனத் தனி வங்கிக் கணக்கும் தனி யுபிஐ முகவரியும் வைத்திருப்பது பாதுகாப்பானது.

நோட்டீஸ் வந்தால் அதனை இறுதி ஆணையாகக் கருதி அஞ்சத் தேவையில்லை. பதிவு பெறாதவர்மீது வரி நிர்ணயம் செய்வதற்கு முன், விளக்கம் அளிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. விற்றவை வரிவிலக்குப் பொருள்கள் எனில், கொள்முதல் ரசீதுகளைக் காட்டி அதனை விளக்கலாம். பதில் அளிக்காமல் விட்டுவிட்டால், கிடைத்த தகவலின் அடிப்படையில் அதிகாரி தமது மதிப்பீட்டின்படி வரியை நிர்ணயிக்க முடியும்.

சிறு வணிகர்களுக்கான இணக்க வரித் திட்டம்

பதிவு பெற்றவுடன் மாதந்தோறும் விரிவான கணக்குத் தாக்கல் செய்ய வேண்டுமே என்ற அச்சம் பலரைத் தயங்கச் செய்கிறது. அவர்களுக்காக உள்ளதே 'காம்போசிஷன்' எனப்படும் இணக்க வரித் திட்டம். ஆண்டு விற்றுமுதல் 1.5 கோடி ரூபாய் வரை உள்ள வணிகர்களும் சிறு உற்பத்தியாளர்களும் உணவகங்களும் இதில் சேரலாம். உத்தராகண்ட், சிக்கிம் உள்ளிட்ட 8 மாநிலங்களில் இந்த வரம்பு 75 லட்சம் ரூபாய்.

இத்திட்டத்தில் வணிகர்களுக்கும் உற்பத்தியாளர்களுக்கும் 1 சதவீதமும், மது பரிமாறாத உணவகங்களுக்கு 5 சதவீதமும் வரி விதிக்கப்படுகிறது. 50 லட்சம் ரூபாய் வரை விற்றுமுதல் உள்ள பிற சேவையாளர்களுக்கு 6 சதவீதம். வரியை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை செலுத்தி, ஆண்டுக்கு ஒரு கணக்குத் தாக்கல் செய்தால் போதும்.

எனினும் இதில் சேர்பவர்கள் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வசூலிக்க முடியாது. உள்ளீட்டு வரி வரவும் கிடைக்காது. வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்கவும் அனுமதி இல்லை. பொதுமக்களுக்கு நேரடியாகச் சில்லறை விற்பனை செய்யும் கடைகளுக்கு இத்திட்டம் ஏற்றது. பதிவு பெற்ற பிற நிறுவனங்களுக்கு விற்பவர்களுக்கு அந்த அளவுக்கு ஏற்றதல்ல.

வரம்புக்குக் கீழே உள்ளவர்களும் விரும்பினால் தாமாகப் பதிவு பெறலாம். நிறுவனங்களுக்குச் சரக்கு வழங்குபவர்களுக்கு இது பயன் தரும். ஆனால் பதிவு பெற்ற பிறகு, வரம்பு என்ற பாதுகாப்பு இல்லை. வரி விதிக்கப்படும் விற்பனைக்கு முதல் ரூபாயில் இருந்தே வரி உண்டு என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

விண்ணப்பிப்பது எப்படி?

ஜிஎஸ்டி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். இதற்கு அரசுக் கட்டணம் எதுவும் இல்லை. பான், ஆதார், புகைப்படம், கடை முகவரிக்கான சான்று, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை தேவை. வாடகைக் கடையாக இருந்தால் வாடகை ஒப்பந்தம் போன்ற ஆவணங்களை இணைக்க வேண்டும்.

ஆதார் சரிபார்ப்பு முடிந்து, ஆவணங்கள் சரியாக இருந்தால் பொதுவாக 7 வேலை நாள்களுக்குள் முடிவு எடுக்கப்படும். நேரடி ஆய்வு தேவைப்படும் விண்ணப்பங்களுக்கு 30 நாள்கள் வரை ஆகலாம். 2025 நவம்பர் 1 முதல் எளிமைப்படுத்தப்பட்ட முறையும் நடைமுறைக்கு வந்துள்ளது. பதிவு பெற்ற வணிகர்களுக்குச் செய்யும் விற்பனையின் மாத வரி 2.5 லட்சம் ரூபாயைத் தாண்டாது என மதிப்பிடுவோர் இதனைத் தேர்வு செய்தால், 3 வேலை நாள்களில் பதிவு பெற முடியும்.

ஒவ்வொரு வணிகரும் ஏப்ரல் 1 முதல் தமது விற்பனையை மாதந்தோறும் கூட்டிப் பார்த்து, வரிவிலக்குப் பொருள், வரிக்குரிய பொருள், சேவை, வெளிமாநில விற்பனை எனப் பிரித்துக் குறித்துவைப்பது அவசியம். வரம்பு நெருங்குவதை முன்னரே அறிந்தவருக்கு 30 நாள்கள் போதுமான அவகாசம். கலப்பு வணிகம் செய்பவர்களும், ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் கடை வைத்திருப்பவர்களும் பட்டயக் கணக்காளர் அல்லது வரி ஆலோசகரிடம் தமது நிலையை உறுதிசெய்துகொள்வது நல்லது.